அப்பா அளந்த ஜன்னல்

மார்ச் 4

அன்புள்ள அக்காவுக்கு,

உன் தம்பி சில்லு எழுதுகிறேன். உயிரோடுதான் இருக்கிறேன், கை கால் எல்லாம் எண்ணிக்கை சரியாக இருக்கிறது. முதலில் உட்கார், பிறகு மேலே படி.

அப்பா எப்படி இருக்கிறார்? முட்டிவலி குறைந்ததா? நீ எப்படி இருக்கிறாய்?

நேற்றுத்தான் ஆற்றுக்கு அக்கரைக்குத் தபால் விட்டார்கள். விடிந்ததும் போய் வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் நின்றவர் உறையில் முகவரி எழுதத் தெரியாமல் விழித்தார். தெருவின் பெயர் மறந்துவிட்டதாம், அவர் பிறந்த தெரு. எனக்கு மறக்கவில்லை.

அன்று காலை இந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் பன்னிரண்டு ஜன்னலுக்குக் கண்ணாடி மாட்டிவிட்டு மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்துவிடுவதாகச் சொல்லித்தானே வண்டியை எடுத்தேன்? ஏழு மாட்டியிருந்தேன். எட்டாவதைத் தூக்கும்போது சண்டை ஆரம்பித்துவிட்டது. மாட்டிய ஏழும் அன்றைக்கே போயின. ஒன்பது நாள் சண்டைக்கு எட்டு வருஷம் பாலத்தை மூடி வைப்பார்கள் என்று யார் கண்டது? அந்த மத்தியானச் சாப்பாடு எனக்கு இன்னும் பாக்கி அக்கா.

இங்கே ஒரு கண்ணாடிக் கடையில் வேலை. கல்யாணம் ஆகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதே. அவள் மருந்துக் கடையில் இருக்கிறாள். ஐந்து வயதில் ஒரு மகள். அவள் சேட்டை செய்தால், "அக்கரையில உனக்கு ஒரு அத்தை இருக்கா, வந்தா காதைத் திருகிடுவா" என்று பயமுறுத்தி வைத்திருக்கிறேன். இப்போது அத்தையைப் பார்க்கவேண்டும் என்று அடம் பிடிக்கிறாள்.

நான் எங்கேயும் ஓடிப்போகவில்லை, பாலம்தான் ஓடிப்போய்விட்டது என்று அப்பாவிடம் சொல். உடனே எழுது.

உன் அன்புத் தம்பி,
சில்லு


ஏப்ரல் 22

சில்லுவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நீ சொன்னபடியே உட்கார்ந்தேன். எழுந்திருக்கக் கொஞ்சம் நேரம் ஆயிற்று. உன் குடும்பத்தில் எல்லாரும் சுகம்தானே? என் உடம்புக்கு ஒன்றும் இல்லை.

பதில் தாமதமானதற்குக் காரணம் ஆபீஸ். நான் அதே நகராட்சியில், அதே பிறப்பு இறப்புப் பதிவுப் பிரிவில்தான் இருக்கிறேன். தபால் விட்டதிலிருந்து கூட்டம் தாங்கவில்லை. அக்கரையிலிருந்து ஒரு கடிதம் வந்தால் இங்கே நாலு பேர் பதிவேட்டைப் புரட்ட வருகிறார்கள். சண்டை ஒன்பது நாள்தான், அதன் தாள் வேலை இன்னும் முடியவில்லை. நம் பக்கத்தில் இறந்தவர்கள் இருநூற்றுப் பதினாறு பேர். அத்தனை பெயரும் என் கையெழுத்தில்தான் இருக்கிறது.

அப்பா நன்றாக இருக்கிறார். முட்டிவலி இப்போது இல்லை. கை நடுங்குவதால் எழுத மாட்டேன் என்கிறார்.

வீடு அப்படியே இருக்கிறது. கீழே கடை மூடிக் கிடக்கிறது. சமையலறை ஜன்னல் இரண்டாம் நாள் உடைந்தது. அன்று கட்டிய பிளாஸ்டிக் தாள்தான் இன்னும். காற்றடித்தால் யாரோ கை தட்டுகிற மாதிரி சத்தம். கண்ணாடிக்காரர் வீட்டு ஜன்னலில் கண்ணாடி இல்லை என்று தெருவே சிரிக்கிறது. சிரித்துவிட்டுப் போகட்டும்.

கல்யாணத்துக்குக் கோபம்தான். நேரில் திட்டுவதற்காக வைத்திருக்கிறேன். மருமகளுக்கு முத்தம். காதைத் திருக மாட்டேன் என்று சொல்.

அக்கா


மே 10

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே மூவரும் நலம். உன் கடிதத்தை மனைவிக்குப் படித்துக் காட்டினேன். "உங்க அக்கா பேச்சும் உங்களை மாதிரியே இருக்கு, ஆனா அவங்க கம்மியா பேசுறாங்க" என்றாள். யார் பக்கம் சேர்ந்துகொண்டாள் பார்.

அப்பா நன்றாக இருக்கிறார் என்ற வரியை மட்டும் ஏழெட்டு தடவை படித்தேன். எட்டு வருஷம் என்ன நினைத்துக்கொண்டிருந்தேன் என்று உனக்குத் தெரியாது. ஏணியில் நிற்கும்போது கீழே யாராவது இருமினால் அப்பா என்று திரும்பிப் பார்ப்பேன். இனி திரும்பிப் பார்க்கலாம், ஆள் இருக்கிறார்.

கண்ணாடிக்காரர் மகன் இருக்கும்போது பிளாஸ்டிக் தாளா? மானம் போகிறது. சரக்கு லாரிகளைப் பாலத்தில் விடுகிறார்கள். மனுஷனுக்குத்தான் தடை, கண்ணாடிக்கு இல்லை. எங்கள் கடைக்கு வருகிற லாரிக்காரர் நம் தெருவழியாகத்தான் போகிறாராம். ஜன்னல் அளவை எழுதி அனுப்பு, வெட்டிக் கொடுத்துவிடுகிறேன். ஆனால் நீ அளக்காதே, அப்பா அளக்கட்டும். ஏணியில் ஏறி எண்ணைக் கத்துவது அவர், கீழே வெட்டுவது நான். எங்கள் முறை அது. கை நடுங்கினாலும் எண் தப்பாது.

அப்பா சொல்கிற எண்ணை அப்படியே எழுது, நீயாக ஒன்றும் மாற்றாதே.

உன்,
சில்லு


மே 29

சில்லு,

எல்லாரும் சுகமென்று நம்புகிறேன். இங்கே வெயில் அதிகம், மற்றபடி குறை இல்லை.

அப்பா அளந்தார். அகலம் 26 இஞ்ச், உயரம் 38 இஞ்ச்.

இனி முக்கியமான விஷயம். பாலத்தைத் தாண்டிப் போய்வர ஒரு நாள் பாஸ் கொடுக்கப் போகிறார்கள். பட்டியல் எங்கள் ஆபீஸுக்கு வந்துவிட்டது. பெற்றோரைப் பார்க்கப் பிள்ளைகள், பிள்ளைகளைப் பார்க்கப் பெற்றோர். கணவன், மனைவி. அப்புறம், சண்டையில் இறந்துபோன பெற்றோர் பிள்ளைகளை அடக்கம் செய்த இடத்தைப் பார்க்கப் போகிறவர்கள். அவ்வளவுதான். கூடப் பிறந்தவர்கள் அதில் இல்லை. அச்சுப் பிழையாக இருக்குமோ என்று தலைமை எழுத்தரிடம் கேட்டேன், இல்லை என்றார். செத்தவர்களைப் பார்க்கப் போகலாம், உயிரோடிருக்கிற தம்பியைப் பார்க்கப் போக முடியாது. இதை எழுதியவனுக்கு அக்கா தங்கை யாரும் இல்லை போலிருக்கிறது.

அதனால் நான் வர முடியாது, நீதான் வரவேண்டும். "தந்தையைப் பார்க்க" என்று எழுதி மனுப் போடு. அப்பா இந்த முகவரியில் வசிக்கிறார் என்ற சான்றிதழை இதோடு வைத்திருக்கிறேன். பதிவேட்டில் உள்ளதைப் பார்த்து நானே தட்டச்சு செய்தேன். நாளைக்கு என்று தள்ளிப் போடாதே. சட்டத்தை எப்போது மாற்றுவார்கள் என்று சொல்ல முடியாது.

சீக்கிரம் வா. வேறு எதுவும் எழுதத் தோன்றவில்லை. வா.

அக்கா


ஜூன் 18

அன்புள்ள அக்காவுக்கு,

நலமா? நாங்கள் நலம். மனுப் போட்டுவிட்டேன். சான்றிதழில் உன் கையெழுத்தைப் பார்த்துவிட்டு, பெரிய ஆபீசர் ஆகிவிட்டாள் என் அக்கா என்று கடை முழுக்கக் காட்டினேன்.

கண்ணாடி நாளைக் காலை லாரியில் வருகிறது. அப்பா சொன்ன எண்ணை வைத்து வெட்டும்போது, சத்தியமாகச் சொல்கிறேன், அவர் குரல் கேட்டது. இருபத்தாறு, முப்பத்தெட்டு. வெட்டுகிற வைரத்தை எடுத்து ஒரே இழுப்பு, சுத்தமாக உடைந்தது. பக்கத்தில் நின்ற முதலாளி, "என்னய்யா, கண்ணாடி வெட்டும்போது அழுவுற" என்றார். தூசி என்றேன்.

எதிரே இருக்கும் தச்சரைக் கூப்பிட்டு மாட்டச் சொல். ஓரத்தில் மக்குப் பசை வைத்து அடைத்து, இரண்டு நாள் காய விடு. அதற்குள் துடைக்கிறேன் பேர்வழி என்று கை வைக்காதே.

நான் வருகிற அன்று அந்த ஜன்னலுக்குப் பின்னால் அப்பா உட்கார்ந்திருக்கவேண்டும். தெருமுனையிலிருந்தே பார்த்துக்கொண்டு வரவேண்டும்.

உன்,
சில்லு


ஜூலை 3

ஆறு வயதில் கண்ணாடியைக் கீழே போட்டு உடைத்துச் சில்லு என்று பெயர் வாங்கியவனுக்கு,

சுகம்தானே? புத்தி மட்டும்தான் சுகமில்லை என்று நினைக்கிறேன். நீ அனுப்பிய கண்ணாடி கீறல் இல்லாமல் வந்து சேர்ந்தது. தச்சர் தூக்கி வைத்தார், அது சட்டத்துக்குள் நிற்காமல் அப்படியே உள்ளே சாய்ந்தது. கையைக் கொடுத்துப் பிடிக்காவிட்டால் என் தலையில்தான் விழுந்திருக்கும். அளந்து பார்த்தால் 25, 37. இரண்டு பக்கமும் ஒரு இஞ்ச் குறைவு. "உங்க தம்பி எட்டு வருஷத்துல தொழிலை மறந்துட்டானா?" என்று தச்சர் கேட்டார். தெருவுக்கு இன்னொரு சிரிப்பு.

கண்ணாடியைச் சுவரோரம் சாய்த்து வைத்திருக்கிறேன். பிளாஸ்டிக் தாளை மறுபடி கட்டிவிட்டேன். அப்பாவும் சிரித்தார்.

பாஸ் என்ன ஆயிற்று? அதை எழுது முதலில்.

அக்கா


ஜூலை 15

அக்கா,

பாஸ் வந்துவிட்டது. ஆகஸ்ட் 14, காலை பத்து மணியிலிருந்து மாலை நாலு வரை.

நான் தொழிலை மறக்கவில்லை. உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன், நீ வெட்டுகிற அறைக்குள் வந்ததே இல்லை. அப்பாவின் டேப்பில் முதல் இஞ்ச் கிடையாது. நான் பிறப்பதற்கு முன்னாலேயே கொக்கியோடு சேர்ந்து உடைந்துவிட்டது. புதிதாக மூன்று வாங்கிக் கொடுத்தேன், மூன்றையும் பெட்டியில் போட்டு வைத்தார். சட்டை போடாமல் வெளியே போனாலும் போவார், அந்த டேப் இல்லாமல் போக மாட்டார். அதில் அளந்தால் எப்போதும் ஒன்று கூடுதலாகத்தான் வரும். அவர் மேலே இருந்து கத்துவார், நான் கீழே ஒன்றைக் கழித்து வெட்டுவேன். பதினாலு வருஷப் பழக்கம். இந்த முறையும் கழித்துத்தான் வெட்டினேன்.

அப்பா வேறு டேப்பைத் தொட மாட்டார்.

அக்கா, ஜன்னலை யார் அளந்தது?

சில்லு


ஜூலை 28

தம்பி,

நான்தான் அளந்தேன். தையல் மெஷின் டிராயரில் இருந்த துணி டேப்பால்.

உன் முதல் கடிதத்தில் உட்கார் என்று எழுதியிருந்தாய். அதற்கு அடுத்த வரியில் அப்பா எப்படி இருக்கிறார் என்று கேட்டிருந்தாய். எட்டு வருஷமாக நானும் அதையேதான் உன்னிடம் கேட்கக் காத்திருந்தேன்.

ஒன்பதாம் நாள், பகல் பன்னிரண்டு மணிக்குச் சண்டை நின்றுவிடும் என்று ரேடியோவில் சொன்னார்கள். பன்னிரண்டு அடித்ததும் அப்பா செருப்பை மாட்டினார். நான் கையைப் பிடித்து இழுத்தேன். "பையனைக் கூட்டிட்டு வந்துடறேன். வந்து ரெண்டு பேருமா இந்த ஜன்னலை மாட்டிடறோம்" என்றார். போனார். மூன்று மணிக்குப் பாலத்தை மூடிவிட்டார்கள். அதற்கு முன்னால் பாலத்துப் பக்கம் ஒன்று வெடித்தது. அது அவர் போகும்போதா, போய்ச் சேர்ந்த பிறகா என்று யாருக்கும் தெரியவில்லை. நம் பக்கத்தில் எடுத்த உடல்களை எல்லாம் நான் போய்ப் பார்த்தேன். அவர் இல்லை. அதனால் உன்னிடம் வந்துவிட்டார் என்று முடிவு செய்தேன். நீங்கள் இரண்டு பேரும் அங்கே கடை போட்டு, ஒருவர் கத்த ஒருவர் வெட்ட, என்னைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறீர்கள் என்று நினைத்தேன். பொறாமைகூடப் பட்டேன்.

உன் அந்த ஒரு வரியில் எனக்கு அப்பா இல்லாமல் போனார். பதில் எழுத ஏழு வாரம் ஆனது ஆபீஸ் வேலையால் இல்லை.

உன்னைத் தேடித்தான் போனார் என்று எப்படி எழுதுவேன்? எழுதினால் உனக்குச் சோறு இறங்குமா? அப்புறம் அந்தப் பட்டியல் வந்தது. அப்பா இருந்தால்தான் நீ வரலாம். நான் உனக்கு ஒன்றுமில்லை, பட்டியலில். ஏழு வருஷம் கழிந்தால் காணாமல் போனவரை இறந்தவராகப் பதியலாம். நம் தெருவில் பதினோரு பேருக்கு நானே பதிந்தேன். அப்பாவுக்கு மட்டும் என் பேனா எழுதவில்லை. அதனால் பதிவேட்டில் அவர் இன்னும் நம் வீட்டில்தான் வசிக்கிறார். சான்றிதழ் பொய் இல்லை, நான்தான் பொய்.

திட்டுவதானால் நேரில் வந்து திட்டு. பாஸ் உன் கையில் இருக்கிறது. உன்னை யாரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள். ஆறு மணி நேரம்டா. உன் முகம் இப்போது எப்படி இருக்கிறது என்றே எனக்குத் தெரியாது. வந்துவிடு.

அக்கா


ஆகஸ்ட் 14

சில்லு,

இருப்பதிலேயே நல்ல உடுப்பை உடுத்திக்கொண்டு காலை ஒன்பது மணிக்கே பாலத்தின் இந்த முனையில் நின்றேன். பத்தரைக்கு ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். உன் வயது ஆண் ஒவ்வொருவனையும் உற்றுப் பார்த்தேன். ஒருவனிடம் போய்ப் பெயர்கூடக் கேட்டுவிட்டேன். நாலு மணிக்கு எல்லாரும் திரும்பிப் போனார்கள். அவர்கள் போவதையும் நின்று பார்த்தேன்.

நீ வரவில்லை. என் மேல் கோபமென்றால் நியாயம்தான். உடம்புக்கு ஏதாவதா? அதையாவது எழுது.

அக்கா


ஆகஸ்ட் 15

அக்கா,

உடம்புக்கு ஒன்றும் இல்லை. கோபமும் இல்லை, நீ அப்படித்தான் நினைத்துப் பதறியிருப்பாய். உன் கடிதத்தைப் படித்த அன்று இருந்தது, மறுநாள் காலையில் தேடினேன், இல்லை. எட்டு வருஷம் தனியாகக் காத்திருந்தவள் மேல் என்ன கோபம்?

நான் வந்தேன். நானூறு அடி தூரத்தில் இருந்தேன். நடந்ததைச் சொல்கிறேன்.

வைரம், மக்கு டப்பா எல்லாம் பையில் போட்டுக்கொண்டு எட்டு மணிக்கே பாலத்து ஆபீஸுக்குப் போய்விட்டேன். காத்திருக்கும் அறையில் ஒரு கண்ணாடி அலமாரி இருக்கிறது. சண்டையில் பாலத்தின் இந்த முனையில் கிடைத்த பொருள்கள், கேட்பாரில்லாதவை. மூக்குக்கண்ணாடி, சாவிக்கொத்து, ஒரு குழந்தைச் செருப்பு. ஒவ்வொன்றிலும் எண் கட்டியிருக்கிறது. நான் கண்ணாடிக்காரன், முதலில் அலமாரிக் கண்ணாடியைத்தான் பார்த்தேன், மக்கு சரியில்லை என்று. அப்புறம் உள்ளே பார்த்தேன். மூன்றாவது தட்டில் டேப் இருந்தது. நாக்கு கொஞ்சம் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. கொக்கி இல்லை. ஒன்றிலிருந்து ஆரம்பிக்கிறது.

அங்கிருந்த அதிகாரியம்மா நல்லவர். "உங்களுக்குத் தெரிஞ்சவங்களோடதா?" என்று கேட்டார். தெரியாது என்று சொல்லிவிட்டு வந்திருக்கலாம். உன்னைப் பார்த்துவிட்டு மறுநாள் போய்க் கேட்டிருக்கலாம். அதையெல்லாம் யோசிக்காமல் இல்லை. வரிசையில் எனக்கு முன்னால் மூன்றே பேர். ஆனால் எட்டு வருஷமாக ஒவ்வொருவரும் அவரைத் தாண்டித்தான் போயிருக்கிறார்கள் அக்கா. நானும் தாண்டிப் போக என் கால் வரவில்லை.

"எங்க அப்பாவோடது" என்றேன்.

அந்த அம்மா என் பாஸை எடுத்துப் பார்த்தார். யாரைப் பார்க்கப் போகிறேன் என்று அதில் எழுதியிருக்கிறதே.  பிறகு பாஸைத் தன் மேஜை டிராயரில் வைத்துவிட்டு எனக்குத் தண்ணீர் கொடுத்தார்.

அப்பா பாலத்தைத் தாண்டிவிட்டார். இந்த முனையில், மண்ணில் கால் வைத்த பிறகுதான் கண்ணிவெடி. நான் அப்போது நாலு தெரு தள்ளி, பள்ளிக்கூடத்தில், மற்றவர்களோடு அடைபட்டுக் கிடந்தேன். அந்தச் சத்தத்தைக் கேட்டேன். சண்டை நின்ற பிறகு என்ன சத்தம் என்று எல்லாரும் கேட்டோம்.

கேட்பாரில்லாத ஒன்பது பேரை, அவர்களிடம் கிடைத்த பொருளில் கட்டிய அதே எண்ணைப் போட்டு ஆற்றங்கரையில் அடக்கம் செய்திருக்கிறார்கள். டேப்பில் இருந்த எண் முப்பத்தொன்று, அப்பாவும் முப்பத்தொன்று. நேற்று மாலை மூவரும் போனோம். மகள் கல்லைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "தாத்தா வீடா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். வேலைக்குப் போகும்போது எட்டு வருஷமாக அந்த வழியாகத்தான் போய் வந்துகொண்டிருக்கிறேன்.

உன்னை வெயிலில் நிற்க வைத்துவிட்டேன். மன்னித்துவிடு. அடக்கச் சான்றை இதோடு அனுப்புகிறேன். அதை என்ன செய்யவேண்டும் என்று உனக்குத்தான் தெரியும்.

உன்,
சில்லு


செப்டம்பர் 2

என் சில்லுவுக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு முதலில், முட்டாள் பயலே என்று வாய்விட்டுத் திட்டினேன். மூன்று பேர், நானூறு அடி. திட்டி முடித்த பிறகு, நீ அப்படித் தாண்டி வந்திருந்தால் உன் முகத்தை எப்படிப் பார்த்திருப்பேன் என்று யோசித்தேன். சரிதான், போ. என் எட்டு வருஷக் கனவிலும் பாதி உண்மை இருந்திருக்கிறது. அவர் உன் பக்கம்தான் வந்திருக்கிறார்.

மறுநாள் ஆபீஸில் பதிவேட்டை எடுத்தேன். தலைமை எழுத்தர், வேறு யாரையாவது எழுதச் சொல்லட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். இருநூற்றுப் பதினேழு. பெயர், வயது, தொழில் கண்ணாடி மாட்டுபவர், நாள் ஒன்பதாம் நாள். கையெழுத்து ஆடாமல் எழுதினேன். எழுதிவிட்டுப் பின்பக்கம் போய் அழுதேன். இத்தனை நாள் அழ உரிமை இல்லாதவள் மாதிரி இருந்தேன், இப்போது நன்றாக அழுதேன். எல்லாரும் வேலையைப் பார்த்துக்கொண்டு, பார்க்காத மாதிரி இருந்தார்கள்.

அப்படியே அந்த மனுத் தாளையும் எடுத்தேன். யாரைப் பார்க்க என்ற இடத்தில் அப்பாவை என்று எழுதினேன். உறவு, மகள். இந்த முறை அதில் ஒரு பொய்யும் இல்லை. செப்டம்பர் 20, காலை பத்திலிருந்து நாலு வரை பாஸ் கொடுத்திருக்கிறார்கள். அவரைப் பார்க்கிற சாக்கில் உன்னைப் பார்க்கப் போகிறேன். நம்மை ஒன்று சேர்க்கவேண்டும் என்றுதானே கிளம்பினார்.

பாலத்து முனையில் குடும்பத்தோடு நில். உனக்குப் பாக்கி இருக்கிற மத்தியானச் சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு வருகிறேன். நான் கொஞ்சம் பருத்துவிட்டேன், முன்பக்கம் நரைத்துவிட்டது. பார்த்து அடையாளம் கண்டுபிடி. உன்னை நான் கண்டுபிடித்துவிடுவேன்.

அந்த டேப்பை எனக்குக் கொடு. வீட்டுக்குக் கொண்டு வந்து, ஏணி போட்டு, அந்த ஜன்னலை அதிலேயே அளந்து எண்ணை எழுதி அனுப்புகிறேன். நீ வெட்டும்போது மறக்காமல் ஒன்றைக் கழித்துவிடு.

உன்,
அக்கா